குறுக்கு அட்டவணையில் சதவீதம் எந்தப் பக்கம்?

கேள்வி:
பயிற்சிக்காகப் போட்ட அட்டவணை இது. பட்டா மாறுதல் மனுக்களில் 30 நாளுக்குள் முடிந்தவை: நகரம் 120-இல் 84, கிராமம் 80-இல் 44. எதை வைத்துச் சதவீதம் போடுவது? இந்த வித்தியாசத்தை நம்பலாமா?

பதில் 1:
காரணம் எது என்று நினைக்கிறீர்களோ, அதன் மொத்தத்தை 100 ஆக்குங்கள். இங்கே காரணம் இடம். நகரம் 70%, கிராமம் 55%. முடிந்த 128-ஐ 100 ஆக்கினால் நகரம் 66% என்று வரும். அது நகரத்தில் மனு அதிகம் என்பதைத்தான் காட்டும், வேகத்தை அல்ல.

அடுத்தது கை-ஸ்கொயர், அதாவது வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் சோதனை. எதிர்பார்ப்பு எண் (இடத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் வர வேண்டியது) = வரிசை மொத்தம் × நெடுவரிசை மொத்தம் ÷ 200. நகரம்-முடிந்தது கட்டத்துக்கு 120×128÷200 = 76.8. ஒவ்வொரு கட்டத்திலும் (உண்மை எண் − எதிர்பார்ப்பு எண்)² ÷ எதிர்பார்ப்பு எண் போட்டு நான்கையும் கூட்டினால் 4.69. 5% அளவில் எல்லை 3.84, தாண்டிவிட்டது; தற்செயல் என்று சொல்வது கடினம். சதவீதங்களை உள்ளே போட்டுக் கணக்கிடாதீர்கள், எண்ணிக்கைதான் வேண்டும். எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே போனால், சிறு எண்ணிக்கைக்கான ஃபிஷர் சோதனை.

பதில் 2:
எல்லையைத் தாண்டியதும் நிறுத்திவிடாதீர்கள் சார். தொடர்பு எவ்வளவு வலுவானது என்று சொல்லும் அளவு ஃபை = √(4.69÷200) ≈ 0.15, பலவீனமான தொடர்புதான். இதே விகிதத்தில் 2,000 மனு இருந்தால் கை-ஸ்கொயர் 46.9 ஆகும், ஃபை மாறாது.

பதில் 3:
உட்பிரிவு (நிலத்தைத் துண்டாகப் பிரிப்பது) உள்ளது, இல்லாதது என்று இரண்டு அட்டவணையாகப் பிரித்துப் பாருங்கள். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாமதமாகும். கிராம மனுக்களில் அது அதிகமென்றால் வித்தியாசம் இடத்தால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். இப்படித்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 சேர்க்கையில், விண்ணப்பித்த ஆண்களில் 44%, பெண்களில் 35% பேருக்கு இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்ததும் அந்த இடைவெளி நிற்கவில்லை.