மறு: மீட்டாத கம்பி எழுப்பும் ஒலிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கிதார் பதிவில் வேண்டாமல் வந்து ஒட்டிக்கொள்ளும் ஓவர்டோனுக்கு (மீட்டிய சுரத்துக்கு மேலே கூடவே கேட்கும் சுரம்) ஒரு சொல் வேண்டும் என்று முத்தியால்பேட்டை அண்ணன் கேட்டிருந்தார். இரண்டே நாளில் ‘அபசுரம்’, ‘மிகையொலி’, ‘களைச்சுரம்’ என மூன்று வந்துவிட்டன. மூன்றும் அந்த ஒலி வேண்டாதது என்கின்றன. எங்கிருந்து வருகிறது என்று ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் எனக்குக் குறை.

அபசுரம் என்றால் பழி வாசித்தவர் மேல் விழும். இங்கே அவர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். களைச்சுரம் அழகான சொல், நெல்லுக்குள் கோரை முளைத்ததுபோல. ஆனால் கச்சேரி கேட்கிறவர்களுக்கு ஒரு களை, இரண்டு களை என்றால் தாளக் கணக்கு. இசைக்கென்றே ஆக்கும் சொல்லில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

ஓவர்டோனுக்குப் பள்ளி இயற்பியலில் ‘மேற்சுரம்’ ஏற்கெனவே இருக்கிறது. 110 ஹெர்ட்ஸில் அதிரும் ஏ கம்பியில் 220, 330, 440 என்று கூடவே பிறக்கின்றனவே, அவை. அவை இல்லாவிட்டால் கிதார் கிதாராகவே கேட்காது. அண்ணன் அனுப்பிய பதிவைக் கெடுப்பது அதுவல்ல என்பது என் எண்ணம். நாம் தொடாத ஒரு கம்பி, பக்கத்துக் கம்பியின் அதிர்வை வாங்கிக்கொண்டு தானும் பாடுகிறது. நேரில் கேட்கும்போது காது இதைப் பொருட்படுத்தாது. பதிவில் கம்ப்ரசர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவி) போட்டதும், தேய்ந்து மறையும் சுரத்தின் வால் மேலேறி வருகிறது, இதுவும் சேர்ந்து வருகிறது.

மஞ்சக்குப்பத்தில் என் அறையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பாண்டி பஸ் டிக்கெட்டைக் கிழித்து, இரண்டு சின்னத் துண்டுகளைக் கூரைபோல மடித்து, கிதாரின் ஆகத் தடித்த கம்பியான ஈ (E) கம்பியின் மேல் உட்கார வைத்தேன். ஒன்று 5ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நேர் மேலே, மற்றொன்று 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே. பிறகு டி கம்பியில் 2ஆம் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினேன். 5இல் இருந்த துண்டு நடுங்கிக் கீழே விழுந்தது. 12இல் இருந்தது அசையவே இல்லை. திரும்ப வைத்து, 3ஆம் ஃப்ரெட்டை மீட்டினால் இரண்டுமே சும்மா இருக்கின்றன.

காரணம் எளிது. தடித்த ஈ 82.4 ஹெர்ட்ஸ். டி கம்பியின் 2ஆம் ஃப்ரெட் 164.8, சரியாக இரண்டு மடங்கு. ஈ கம்பி தன் நீளத்தை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டு அந்த அதிர்வுக்கு ஆடுகிறது. நடுவிடமான 12இல் மட்டும் ஆட்டம் இல்லை.

இதற்கு ஓவர்டோன் என்று பெயர் வைத்ததால்தான் கை நேராக ஈக்யூவுக்கு, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்குப் போகிறது. 165 ஹெர்ட்ஸைச் சுற்றி வெட்டினால், நான் வேண்டுமென்றே வாசித்த ஈ சுரமும் சேர்ந்து இளைத்துவிடுகிறது. இரண்டு இரவு இப்படி வெட்டி வெட்டி ஒரு நல்ல பதிவைச் சப்பென்று ஆக்கியிருக்கிறேன். கடைசியில் தீர்ந்தது எப்படி என்றால், கட்டைவிரலின் பக்கத்தை ஈ கம்பி மேல் லேசாக வைத்து மறுபடி வாசித்தபோதுதான். சொல்லைக் கேட்டதும் விரல் கம்பிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு சொல்தான் நமக்கு வேண்டும்.

முதலில் ‘கிளையொலி’ என்று நினைத்தேன். பழைய தமிழிசையில் ஒரு நரம்புக்கு ஐந்தாவது நரம்பு கிளை. திறந்த பி கம்பியை மீட்டினால் தடித்த ஈ மூன்று பங்காகப் பிரிந்து பதில் சொல்லுமே, அந்த உறவுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் மேலே சொன்ன இரட்டிப்பு உறவு அதற்குள் அடங்காது.

என் பரிந்துரை: பரிவொலி. இலங்கைப் பாடநூல்களில் ரெசொனன்ஸுக்குப் ‘பரிவு’ என்பதுதான் சொல். ஒரு கம்பி துடித்தால் இன்னொன்று தானாகத் துடிப்பதற்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. தலைப்பகுதியில், நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) முறுக்காணிக்கும் நடுவே உள்ள கம்பித் துண்டுகளும் மெலிதாக ‘கிய்ங்’ என்று பாடும். என் மகளின் ஜடை பேண்டை அங்கே சுற்றியதும் நின்றுவிட்டது. அதையும் பரிவொலி என்றே சொல்லலாம்.

*

தம்பிக்கு வணக்கம்.

டிக்கெட் சோதனை அருமை, நானும் பேரனுடன் செய்து பார்த்தேன். இரண்டு ஐயங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘ஒத்ததிர்வு’ என்று படிக்கிறார்கள். அதை விட்டுப் பரிவு என்றால் புதிதாக ஒன்றைத் திணிப்பதாகாதா? மற்றது, மைக்கைக் கிதார்ப் பெட்டியின் துளைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ‘கும்’ என்று ஒரு வீக்கம் வருகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வு அது. அதுவும் பரிவொலியா?

*

ஐயா, வணக்கம்.

ஒத்ததிர்வு இருக்கட்டும், அது நிகழ்வின் பெயர். பரிவொலி, அதனால் காதில் விழுவதின் பெயர். ‘ஒத்ததிர்வொலி’ என்று ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொல்லிப் பார்க்கட்டும், வாயில் நிற்காது.

துளையின் வீக்கத்தைச் சேர்க்க வேண்டாம் என்பேன். அதற்கு விரல் வைத்துப் பயனில்லை. மைக்கை 12ஆம் ஃப்ரெட் பக்கம் நகர்த்தி, ஓர் அடி தள்ளி வைத்தாலே பெருமளவு குறைந்துவிடும். ‘பெட்டி முழக்கம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

அகராதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

பரிவொலி: மீட்டிய கம்பியின் அதிர்வால், மீட்டாத கம்பியோ கம்பித் துண்டோ எழுப்பும் ஒலி. பரிவொலி அடக்குதல்: அக்கம்பியை விரலாலோ துணியாலோ தொட்டு அதிராமல் நிறுத்துதல்.

முத்தியால்பேட்டை அண்ணன் அடுத்த பதிவின்போது இந்தச் சொல்லை வாசிப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்காமல் அவர் விரல் கம்பிக்குப் போகிறதா என்று எழுதுங்கள்.