"வலியெல்லாம் இல்ல தம்பி": நெஞ்சடைப்பைக் கேட்டறிந்த அனுபவங்கள்

கடலூரில் பயிற்சி மருத்துவராக இருந்தவர்:

ஓபியில் நல்ல கூட்டம். தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா ஒருவர், ஐம்பத்தைந்து வயசிருக்கும். சீட்டில் 'வாயுத் தொல்லை' என்று ஏற்கெனவே யாரோ எழுதியிருந்தார்கள். "நெஞ்சு வலிக்குதாம்மா?" என்றேன். "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி." நானும் 'நெஞ்சுவலி இல்லை' என்று எழுதிவிட்டு, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதப் போனேன்.

சீனியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வலிய விடுங்கம்மா. என்னதான் பண்ணுது?" வாய் திறக்கும் முன்பே முஷ்டி மடங்கி நடு நெஞ்சுக்குப் போய்விட்டது. "இங்க கல்ல வெச்சாப்புல அடைக்குது. இடது கை மரத்துப் போவுது." இப்படி முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்டுவதை லெவைன் குறி என்று பாடத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

படி ஏறினால் வருதா என்று அவர் கேட்கவே இல்லை. மாடியே இல்லாத வீட்டுக்காரரிடம் படிக்கணக்கு எதற்கு?

"கூடையத் தூக்கிக்கிட்டு எதுவரைக்கும் போவீங்க?"

"முன்னல்லாம் மஞ்சக்குப்பம் வரைக்கும் நிக்காமப் போவேன். தீபாவளிக்கு அப்புறம் நடுவுல ஒரு தடவ எறக்கி வெக்கணும். இப்ப பத்து நாளா தெருமுனை தாண்ட முடியல."

"எறக்கி வெச்சா?"

"வெத்தல மடிச்சுப் போடுறதுக்குள்ள சரியாப் போயிடும். முந்தாநாள் ராத்திரிதான் படுத்திருக்கும்போதே வந்துச்சு."

நடந்தால் வந்து நின்றால் போகிறவரை அது நிலையான ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சடைப்பு. தூரம் குறைந்துகொண்டே வந்து, படுக்கையிலும் வந்துவிட்டால் நிலையற்றது, வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஈசிஜி என்னவோ நார்மல்தான். அடைப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் பலருக்கும் அப்படித்தான் வரும். அதை மட்டும் நம்பியிருந்தால் அந்தம்மா மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

புதுச்சேரி ஸ்டாஃப் நர்ஸ்:

நமக்கு வேற தலைவலி. நெஞ்சடைப்புக்குக் குடுக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கிறதுக்கு முன்னாடி 'தெம்பு மாத்திரை' போட்டீங்களான்னு கேட்கணும். பெண்டாட்டி பக்கத்துல நின்னா எந்த மனுஷன் சொல்லுவாரு? "அக்கா, ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டுக் கேட்டேன். "நேத்து ராத்திரி ஒண்ணு, சிஸ்டர்"னு கூரையப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. அவரு போட்டது சில்டெனாஃபில், ஆண்மைக் குறைவுக்குப் போடுற மாத்திரை. அதைப் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள சார்பிட்ரேட் குடுத்தா பிரஷர் படுத்துடும். அக்கா திரும்பி வர்றதுக்குள்ள டாக்டர்கிட்ட சொல்லி ஆர்டரை நிறுத்தியாச்சு.

கடலூர் பொது மருத்துவர்:

சர்க்கரைக்காரர்கள் சிலர் அடைப்பு என்றுகூடச் சொல்வதில்லை. என்னிடம் வந்தவர், "திருவந்திபுரத்துல ஹயக்ரீவர் மலைப் படி ஏறினேன், பாதியில மூச்சு வாங்கிடுச்சு, வயசாயிடுச்சு சார்" என்றார். போன வருஷம் ஏறினீர்களா என்று கேட்டேன். பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாராம்! ஒரே வருஷத்தில் அவ்வளவு வயசாகுமா? டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் சோதனைக்கு அனுப்பினேன். மூன்றாவது நிமிடமே நிறுத்த வேண்டியதாயிற்று.

புதுச்சேரி ஸ்டாஃப் நர்ஸ்:

அந்த மீன்காரம்மா என்ன ஆனாங்க?

கடலூரில் பயிற்சி மருத்துவராக இருந்தவர்:

ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். மறுபரிசோதனைக்கு வந்தபோது, இப்போது எப்படிம்மா போகிறீர்கள் என்று கேட்டேன். "ஷேர் ஆட்டோதான் தம்பி. மீன் நாத்தம்னு பாதிப் பேரு ஏத்த மாட்டேங்கிறான்."