கேன்னிங் கோட்டை நிலத்தடிப் பதுங்கறை: வயதான அப்பாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் ஐந்து நாள் பயணமாகக் குடும்பத்துடன் சிங்கப்பூர் வருகிறோம். நான், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபத்து நான்கு வயதான அப்பா என நால்வர். மகளும் மனைவியும் பார்க்க விரும்பும் இடங்களுக்கு ஏற்கெனவே பட்டியல் போட்டாகிவிட்டது. அப்பா கேட்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அவருடைய பெரியப்பா பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் வண்டி ஓட்டுநராக இருந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர். 1946இல் ஊர் திரும்பிய பிறகு மரவள்ளிக்கிழங்கை அவர் கையால்கூடத் தொட்டதில்லை என்பதைத் தவிர, அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

சரணடைவது என்ற முடிவு எடுக்கப்பட்ட நிலத்தடிப் பதுங்கறை, போர்ட் கேன்னிங் குன்றில் 'பேட்டல்பாக்ஸ்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது என்று அப்பா எங்கோ படித்திருக்கிறார். அதைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. என் மனைவிக்கு அடைத்த இடங்களில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அங்கே போய் வந்தவர்கள், உள்ளே பார்ப்பதற்கு உண்மையில் ஏதேனும் உள்ளதா, அல்லது வெறும் கான்கிரீட் அறைகள்தானா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தேக்கா வாசி

ஐயா, அப்பாவைத் தாராளமாக அழைத்து வாருங்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: பதுங்கறையைவிட அதற்குப் போகும் வழிதான் முழங்காலுக்குச் சோதனை. தோபி காட் நிலையத்தில் இறங்கி நடந்தால் படியேற வேண்டியிருக்கும். போதாததற்கு, மரத்தடிச் சுரங்கப் படிக்கட்டில் படம் எடுத்துக்கொள்ள நிற்கும் வரிசையையும் தாண்டியாக வேண்டும். காக்ஸ் டெரஸ் என்று சொல்லி வாடகைக் காரில் மேலேயே வந்து இறங்கிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களுடைய இணையத்தளத்தில் முதல்நாளே பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் மனைவியின் அச்சத்தைப் பற்றி: உள்ளே தாழ்வாரங்கள் குறுகலானவை, சன்னல் என்ற பேச்சே இல்லை. ஆனால் இன்று அது ஓர் அருங்காட்சியகம், காற்றுக்குக் குறைவில்லை. 1942 பிப்ரவரியில் இருந்தவர்களின் நிலைதான் பரிதாபமானது. குன்றின் மேற்பரப்பிலிருந்து சுமார் 9 மீட்டர் ஆழத்தில், குண்டு விழுந்தாலும் தாங்கும்படியும் நச்சுப்புகை உள்ளே நுழையாதபடியும் கட்டப்பட்ட இடம் அது. நச்சுப்புகை நுழையாமல் அடைத்தால் நல்ல காற்றும் நுழையாது அல்லவா? கடைசி நாள்களில் ஏறத்தாழ 500 பேர் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வியர்வையும் புழுக்கமும் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சிங்கப்பூரில் ஒரு நாள் மின்விசிறி இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வெறும் அறைகள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ முப்பது அறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. கடற்கரைப் பீரங்கிகளுக்கு இலக்கைக் கணித்துச் சொல்லும் அறை, விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான அறை, தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்திகளைப் பிரித்தெழுதும் அறை என்று ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் போகும். 1960களில் மூடப்பட்டு மறக்கப்பட்ட இந்த இடம் 1988இல் மீண்டும் கண்டறியப்பட்டு, 1997 பிப்ரவரி 15 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எனக்குப் பிடித்தவை பெரிய காட்சிகள் அல்ல. ஓர் அறையின் சுவரில் ஜப்பானியர் எழுதிவிட்டுப்போன எழுத்துகளும், அவசரத்தில் தப்பிச்செல்வதற்காகச் செங்குத்தாக மேலே போகும் இரும்பு ஏணியும்தான். அந்த ஏணியின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகக் கூட்டம் நடந்த அறை. 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள். மலாயாத் தலைமைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் சைம் ரோட்டில் இருந்த தம் தலைமையகத்தை நான்கு நாள்களுக்கு முன்புதான் இங்கே மாற்றியிருந்தார். காலை ஒன்பதரை மணிக்குப் படைத்தலைவர்களைக் கூட்டி, அவர்கள் முன் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, உடனே எதிர்த்தாக்குதல் நடத்தி நீர்த்தேக்கங்களையும் புக்கித் தீமாவில் இழந்த உணவு, எரிபொருள் கிடங்குகளையும் மீட்பது, மற்றொன்று, சரணடைவது. எதிர்த்தாக்குதலுக்குப் படையில் வலு இல்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. நகரத்தில் குண்டுவீச்சால் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, ஓடும் நீரில் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருந்தது. ஓரிரு நாள்களில் குழாய்கள் வறண்டுவிடும் நிலை. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அன்று அந்தச் சிறிய பரப்புக்குள் அடைபட்டிருந்தார்கள். குண்டு துளைக்காத சுவர் கட்டிய கோட்டையைக் கடைசியில் தோற்கடித்தது தண்ணீர்தான் என்று நான் என் வீட்டுக்கு வரும் விருந்தினர்களிடம் சொல்வது வழக்கம்.

வெளியே வந்ததும் தோபி காட் பக்கமாகப் பாருங்கள். கெத்தே கட்டடத்தின் பழைய முகப்பு இன்னும் நிற்கிறது. பிரிட்டிஷார் பேச்சுக்கு வரச் சம்மதம் என்பதற்கு அடையாளமாக அந்தக் கட்டடத்தின் உச்சியில் ஜப்பானியக் கொடி ஏற்றப்பட்டது. மாலையில் பெர்சிவல், புக்கித் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போய் ஜப்பானியப் படைத்தளபதி ஜெனரல் யமாஷிட்டாவின் முன் கையெழுத்திட்டார்.

பதில் 2: பழுப்பேடு

தேக்கா வாசி சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் அப்பா தேடி வருவது அங்கே கிடைக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அந்த அறையில் கூடியவர்கள் அனைவரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள். அவர்களில் மூன்றாவது இந்தியப் படைப்பிரிவின் தளபதி ஹீத்தும் ஒருவர் என்றாலும், இந்தியர் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் யாருக்காக முடிவெடுத்தார்களோ அந்தச் சிப்பாய்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர்கள். தளபதிகளின் கடைசிக் காலையைத் துல்லியமாகக் காட்டும் இடம் அது. ஒரு வண்டி ஓட்டுநருக்கு அன்று காலை என்ன நேர்ந்தது என்பதைக் காட்டும் இடமல்ல.

உங்கள் பெரிய தாத்தாவின் கதை அங்கிருந்து இரண்டு நாள் கழித்து, தோபி காட்டிலிருந்து எம்.ஆர்.டி.யில் இரண்டு நிறுத்தம் தள்ளித் தொடங்குகிறது. பிப்ரவரி 17 அன்று 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் வீரர்களிடமிருந்து பிரிக்கப்பட்டு ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டப்பட்டார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை முறைப்படி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய உளவுப்பிரிவு அதிகாரி மேஜர் ஃபூஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்துக்கும் அதிலிருந்து இந்துஸ்தானிக்கும் மாற்றப்பட்டது. பின்னர், ஏற்கெனவே ஜப்பானியருடன் சேர்ந்திருந்த இந்திய அதிகாரி கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வடிவம் அந்த மைதானத்திலிருந்துதான் எழுந்தது. சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்துச் சிறைமுகாமிலேயே இருந்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பலர் நியூகினி போன்ற தொலைதூரத் தீவுகளுக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். நான்கு ஆண்டுகளைப் பற்றி ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததற்கு இந்த இரண்டு வழிகளில் எதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே பதுங்கறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்; மீதி நேரத்தைக் கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்குக் கொடுங்கள். அங்குள்ள தூண்சுவர்களில் கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் பின்புறம், தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கென்று தனியாக ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். அங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் இருக்காது. இன்னும் நேரம் இருந்தால் எஸ்பிளனேடு பூங்காவில் இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகையைப் பாருங்கள். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய அந்தச் சின்னத்தை, இரண்டே மாதத்தில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள்.

பதில் 3: உலுபாண்டான்

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எங்களுக்கு, சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலை நோக்கியே பொருத்தப்பட்டிருந்ததால் வடக்கிலிருந்து வந்த எதிரியைச் சுட முடியாமல் போனது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பதுங்கறையில் பீரங்கி அறைகள் இருந்தன என்கிறீர்கள். அப்படியென்றால் அவை பயனற்றவையா?

பதில் 4: தேக்கா வாசி

இந்தக் கதையை நானும் என் தந்தையாரிடமிருந்து கேட்டு வளர்ந்தவன்தான். அதில் பாதிதான் உண்மை. சாங்கியில் இருந்த ஜொகூர் பேட்டரி என்ற பீரங்கித் தளத்தின் 15 அங்குலப் பீரங்கிகள் உட்படப் பலவற்றை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டில் இருந்தது. போர்க்கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென்று செய்யப்பட்ட குண்டுகளே கையிருப்பில் பெரும்பாலும் இருந்தன. அவை இளகிய மண்ணில் ஆழமாகப் புதைந்து வெடித்ததால், திறந்தவெளியில் வரும் காலாட்படைக்குப் பெரிய சேதம் விளைவிக்கவில்லை. கடல்வழியாக வருவான் என்று எதிர்பார்த்து வாங்கி வைத்த சாமான் அது. எதிரியோ 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கோத்தா பாருவில் இறங்கி, பெருமளவு மிதிவண்டியிலேயே தீபகற்பத்தைக் கடந்து, 1942 பிப்ரவரி 8 இரவு சிங்கப்பூரின் வடமேற்கில் ஜொகூர் நீரிணையைத் தாண்டிவிட்டான்.

பழுப்பேடு அவர்களுக்கு: அறையில் இந்தியர் எவரும் இல்லை என்பது சரிதான். ஆனால் எனக்கு அது அங்கே போகாமல் இருப்பதற்கான காரணமாகத் தோன்றவில்லை. போவதற்கான காரணமாகவே தோன்றுகிறது.

பதில் 5: காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இதே கேள்வியுடன் வருபவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

வாடகைக் காரில் மேலே போனதால் அப்பாவுக்குச் சிரமம் இல்லை. மனைவி முதல் இரண்டு அறைகள் வரை என் கையைப் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஏணியின் அடியில் நின்றபோது மகள் படிகளை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே இருட்டில் எண்ணிக்கையை விட்டாள். கூட்ட அறையில் அப்பா வெகுநேரம் நின்றார். பழுப்பேடு எழுதியதை நான் முன்பே படித்துக் காட்டியிருந்தேன். "பேசி முடித்துவிட்டு இவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள், அது பெரியப்பா காதுக்கு எப்போது எட்டியிருக்கும்?" என்று கேட்டார். சண்டை நிறுத்தம் அன்றிரவு எட்டரை மணிக்கு என்று நான் சொன்னேன். "அது உத்தரவு. அவருக்கு எட்டிய நேரம் அல்லவே" என்றார்.

ஃபேரர் பார்க்கில் பெரிதாகப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எச்சரிப்பது என் கடமை. இருந்தாலும் அங்கே காரை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பா பத்து நிமிடம் சாலையோரமாக நடந்தார். கிராஞ்சிக்கு மறுநாள் போனோம். உயிருடன் திரும்பியவரின் பெயர் அங்கே இருக்காது என்று தெரிந்தும், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர்களாகத் தோன்றியவற்றை அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வெயில் ஏறிவிட்டதால் ஒரு சுவரோடு நிறுத்திக்கொண்டோம். தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

இப்போது ஒரு புதிய கேள்வி. வந்ததும் அப்பா பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே வேட்டியில் சுற்றிய ஒரு வட்டப் பதக்கம் இருந்தது. அதன் விளிம்பில் எண்ணும் எழுத்தும் வெட்டப்பட்டிருக்கின்றன. உருப்பெருக்கி வைத்துப் பார்த்ததில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தேய்ந்துபோயிருக்கின்றன. முழுமையற்ற எண்ணை வைத்துக்கொண்டு இராணுவ ஆவணப் பிரிவுக்கு விண்ணப்பிக்க முடியுமா?

பதில் 6: பழுப்பேடு

விண்ணப்பியுங்கள். வண்டி ஓட்டுநர் என்றால் அன்றைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதன் இன்றைய வாரிசான ஆர்மி சர்வீஸ் கோரின் தென்மண்டல ஆவணப் பிரிவு பெங்களூரில் இருக்கிறது. எண்ணோடு முழுப்பெயர், தந்தை பெயர், கிராமம், அன்றைய தாலுகா, மாவட்டம் ஆகியவற்றையும் எழுதுங்கள். தாலுகாவை இன்றைய பெயரில் அல்ல, 1940இல் இருந்த பெயரில் எழுத வேண்டும். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் இலக்கங்களும் போய்விடும். மெல்லிய தாளை விளிம்பில் வைத்துப் பென்சிலால் படுக்கைவாக்கில் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் சில வேளைகளில் தாளில் விழும்.