பிட்மேப்புக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் பொதி (package) ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு, பயனர் வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்வார். பொதி அதைப் படமாக்கும். படத்தின் மிகச் சிறிய கூறான பிக்சலுக்குப் ‘படவணு’ போட்டுவிட்டேன். ஒவ்வொரு படவணுவின் நிறத்தையும் வரிசையாகச் சேமிக்கும் படமான பிட்மேப்புக்கு இருமப்படம், நுண்படம், புள்ளிப்படம் மூன்றும் கண்ணில் பட்டன. எதை எடுக்கலாம்?

---

> இருமப்படம்

வேண்டாம். படவணுவுக்கு ஒரு பிட் (0 அல்லது 1) என்றிருந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது பொருந்தும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்று 1,67,77,216 நிறம் வந்த பிறகு அதில் இருமை எங்கே? நுண்படம் என்றால் நுண்ணோக்கியில் எடுத்தது என்று நினைப்பார்கள். புள்ளிப்படமே சரி. லேட்டெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய கனூத்தின் எழுத்துரு நிரலான மெட்டாஃபான்ட், எழுத்துகளையே புள்ளிகளாகத்தான் ஆக்கிக் கொடுத்தது.

---

அச்சுக்கோப்பில் ‘புள்ளி’ ஏற்கெனவே ஓர் அளவு, ஐயா. டெக்கில் அங்குலத்துக்கு 72.27 புள்ளி. “10 புள்ளி அகலப் புள்ளிப்படம்” என்று எழுதினால் எது அளவு, எது படவணு? போதாததற்கு ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் வேறு புள்ளியை ஒற்றெழுத்துக்குக் கொடுத்துவிட்டது. படவணு சதுரமாகத்தானே நிற்கிறது? ‘கட்டப்படம்’ என்போம்.

---

மாணவர்கள் பிக்சல் என்றே சொல்கிறார்கள். ‘பிக்சல் படம்’ என்று எழுதினால் வகுப்பில் ஒருவரும் தடுமாற மாட்டார்கள்.

---

ககர ஒற்றுக்குப் பின் சகரம் மயங்காது, அதாவது அடுத்து வராது, அம்மா. க, ச, த, ப நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். காட்சி, ஆட்சி போல டகர ஒற்றுக்குப் பின் வரலாம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ‘பிட்சல்’ என்று எழுதுங்கள்.

---

அப்படியானால் பக்தி, சக்தி?

---

பத்தி, சத்தி என்று எழுதியவர்கள்தானே நாம்!

---

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். இந்தப் பொதி என்ன செய்கிறது? சின்னச் சின்ன வண்ணச் சதுரங்களை அடுக்குகிறது என்றால் அது பிட்மேப்பே அல்ல, வடிவங்களாக வரையப்படும் திசையன் படம் (vector). திரையில் விளிம்புகளை மென்மையாக்கும்போது சதுரங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிவது அதனால்தான். நிற எண்களை அப்படியே பிடிஎஃபுக்குள் படத்தரவாக எழுதினால் மட்டுமே அது பிட்மேப். அதில் இந்தக் கோடு வராது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கோடு ஏன் வருகிறது என்று கையேட்டைப் புரட்டுபவருக்கு விடை கிடைக்காது. முதலாவதைப் ‘படவணு ஓவியம்’ என்று பிரித்துவிடுங்கள்.

---

நன்றி. பொதியில் இரண்டு வழியும் உண்டு. சதுரம் அடுக்குவது படவணு ஓவியம், தரவாக எழுதுவது புள்ளிப்படம். அளவு வரும் இடத்தில் ‘பாயின்ட்’ என்றே விட்டுவிடுகிறேன். பலர் புள்ளிப்படத்துக்கே சரி சொல்லியிருப்பதால் இப்படியே கொடுக்கிறேன்.

---

கையேடு போகட்டும். ஆனால் ஒரு புதுச்சொல்லுக்கு இடம் விட, நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை ‘பாயின்ட்’ ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சொற்பட்டியலில் ஏற்றும்போது கட்டப்படத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.