வகுப்பில் புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை

முதலாம் ஆண்டு மாணவி:
கல்லூரியில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. பள்ளியில் கணக்கில் 90-க்குக் கீழே வாங்கியதே இல்லை. போன வாரம் வந்த முதல் இன்டர்னலில் 50-க்கு 19. தொகையீடு (இன்டெக்ரேஷன்) நடத்தும்போது எல்லாம் புரிகிறது. நோட்டும் ஒழுங்காக இருக்கிறது, நான்கு தடவை படித்தேன். வினாத்தாளைப் பார்த்ததும் முதல் வரியை எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் இருவரும் பள்ளியிலிருந்தே தோழிகள். அவர்கள் பேச்சில் எனக்கு இடமில்லை. தினமும் அம்மாவிடம் போனில் பேசிவிட்டுப் போர்வைக்குள் அழுகிறேன். மதிப்பெண்ணை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. துறையையே தப்பாக எடுத்துவிட்டேனா? மாறிவிடலாமா?

மூன்றாம் ஆண்டு அக்கா:
தங்கச்சி, முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தவள் நான். நீ எழுதியதில் "நான்கு தடவை படித்தேன்" என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். நானும் அப்படித்தான் படித்தேன். படிக்கப் படிக்க வரிகள் பழகிவிடும், அதைத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒரே பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அரியர் எழுதத் தயாரானபோது இதைப் படித்தேன். அன்றிலிருந்து வகுப்பு நடந்த அன்று மாலையே நோட்டை மூடி வைத்து, போர்டில் போட்ட கணக்கை வெற்றுத் தாளில் போடுவேன். முதல் நாள் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, தேர்வு அறையில் போய்த் தெரிய வேண்டியதில்லை. இரண்டு அரியரும் அடுத்த முறையே கிளியர் ஆயின.

கணிதம் நடத்துபவர்:
அம்மா, ஒரு இன்டர்னலை வைத்துத் துறை மாறாதீர்கள். மாற்றத்துக்குக் கடைசித் தேதி உண்டா என்று மட்டும் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முடிவை அதுவரை தள்ளிப்போடலாம். விடைத்தாளோடு உங்கள் பேராசிரியரை அவர் அறையில் போய்ப் பாருங்கள். "எதுவும் புரியவில்லை" என்றால் எங்களுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. "இந்த வரியில் ஏன் பகுதித் தொகையிடல்?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாணவர்கள் வரமாட்டார்களா என்று காத்திருப்பவன் நான்.

முதுநிலை மாணவர்:
நட்பைப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் செய்து 1950-இல் வெளியான ஆய்வில், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். அடிக்கடி கண்ணில் படுவதே போதுமாக இருந்திருக்கிறது. நூலகத்தில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே மேசையில் உட்காருங்கள். என் நெருங்கிய நண்பன் எதிர் நாற்காலிக்காரன்தான். மூன்று வாரம் தலையசைப்பு மட்டும், அப்புறம்தான் பேச்சு.

முதலாம் ஆண்டு மாணவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று நோட்டை மூடி வைத்து ஆறு கணக்கு போட்டேன். இரண்டுதான் முழுதாக வந்தது. மீதி நான்கிலும் நின்ற வரியைக் குறித்து வைத்திருக்கிறேன், நாளை மதியம் அதோடு மேடம் அறைக்குப் போகிறேன்.

அம்மாவிடம் 19 என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வாரமா இதை நீ தனியா வச்சிட்டிருந்தியா?" என்றார்.