மீனாட்சி சொக்கநாதர் துணை: ஸ்கிரைபஸைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த அனுபவங்கள்

தெற்குவாசலிலிருந்து:

எங்கள் மாமாவின் அச்சகத்தில் காதணி விழா, வசந்த விழா, புதுமனை புகுவிழா என்று வருஷம் முழுக்கப் பத்திரிகை வேலை ஓடும். எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில்தான் நடந்துகொண்டிருந்தது. பார்ட்டிகள் வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. அது யூனிகோடில் வரும். கன்வெர்ட்டரில் போட்டு எடுத்தால் எங்காவது ஓர் எழுத்து விழுந்துவிடும். தாய்மாமன் பெயரில் ஒரு துணைக்கால் போனாலும் மொத்தப் பத்திரிகையையும் திரும்ப அடிக்க வேண்டும்.

யூனிகோடை அப்படியே எடுத்துக்கொண்டு, சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சு நிறத்தில், பிளேட் போடத் தோதாகப் பிடிஎஃப் கொடுக்கும் மென்பொருள் தேவைப்பட்டது. காசில்லாமல் கிடைப்பதில் அதற்கென்றே இருப்பது ஸ்கிரைபஸ். ஆனால் அன்றைக்கு எங்கள் லினக்ஸில் தயாராகக் கிடைத்தது 1.4 வரிசை. அதில் தமிழ் நிற்காது.

பத்திரிகையின் தலையில் 'மீனாட்சி சொக்கநாதர் துணை' என்று போடுவோமே, அந்த ஒரு வரியிலேயே கோளாறு முழுக்கத் தெரிந்துவிடும். யூனிகோடில் 'சொ' என்பது முதலில் ச, பிறகு ஒகரக் குறி என்றுதான் பதிவாகும். அந்தக் குறியை உடைத்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது எழுத்தை வரையும் நிரலின் வேலை. 1.4 அதைச் செய்யாது. கொம்பும் காலும் சேர்ந்து ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'ணை'யில் ஐகாரக் குறி தப்பான பக்கத்தில் இருக்கும். 'து' ஒரே வடிவமாகச் சேராமல் த தனியே, உகரக் குறி தனியே கிடக்கும். சாமி பெயரே இப்படி வந்தால் யார் வாங்குவார்கள்?

2017-இல் வந்த 1.5.3-இல் இது சரியானது. ஓமனைச் சேர்ந்த ஒரு குழு அரபு எழுத்துக்காகச் செய்த வேலை அது. எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை) அவர்கள் ஸ்கிரைபஸின் உள்ளே கொண்டுவந்தார்கள். அரபுக்குத் திறந்த கதவில் தமிழும் நுழைந்தது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபீஸ் எல்லாவற்றிலும் தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டுவதும் இதே ஹார்ஃப்பஸ்தான். முகம் தெரியாத யாரோ தங்கள் மொழிக்காகச் செய்தது தெற்குவாசலில் ஓர் அச்சகத்துக்குப் பயன்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

1.5 வரிசை தயார்க் கோப்பாகவும் கிடைத்தது. ஆனால் அச்சகத்தில் இருந்தது பழைய 32 பிட் கம்ப்யூட்டர், அந்தக் கோப்பு அதில் ஓடவில்லை. சரி, சோர்ஸை, அதாவது மூல நிரலை இறக்கி, கணினியில் ஓடும் வடிவமாக நாமே கம்பைல் பண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேவையான லைப்ரரிகளை 'ஆப்ட் பில்ட்-டெப்' என்ற கட்டளை கொண்டுவந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அன்றைக்கு அது உதவவில்லை. அது லினக்ஸின் ரெப்பாசிட்டரியில் (மென்பொருள் கிடங்கில்) அப்போது இருந்த 1.4-க்கு வேண்டியதைத்தான் எடுத்து வந்தது. 1.4 க்யூட்டி என்ற அடித்தள லைப்ரரியின் 4-ஆம் பதிப்பில் எழுதப்பட்டது, 1.5-க்கு க்யூட்டி 5 வேண்டும். பழையதற்கு ஹார்ஃப்பஸும் வேண்டாம், யூனிகோட் விதிகளைச் சொல்லும் ஐசியு என்ற லைப்ரரியும் வேண்டாம். ஆகவே நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

தேவையானவை இருக்கின்றனவா என்று பார்த்துக் கம்பைலுக்குத் தயார்செய்யும் சிமேக்கை ஓட்டினால் "கிடைக்கவில்லை" என்று ஒவ்வொரு லைப்ரரியாக நிறுத்திச் சொல்லும். எழுத்துருவைத் திரையில் வரையும் ஃப்ரீடைப் இல்லை என்னும். ஃப்ரீடைப் இல்லாமலா இத்தனை நாள் திரையில் எழுத்து தெரிந்தது? லைப்ரரி இருக்கும், கம்பைல் பண்ணும்போது மட்டும் தேவைப்படும் அதன் ஹெட்டர் கோப்புகள்தான் இருக்காது. அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பேக்கேஜில் வரும். இது ஒன்று புரிந்துவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி.

மீதிப் பாதி எனக்கு ஹார்ஃப்பஸிலேயே போனது. எங்களிடம் இருந்த ஹார்ஃப்பஸ் ஸ்கிரைபஸ் கேட்டதைவிடப் பழசு, அதனால் அதையும் சோர்ஸிலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. கணினியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் நல்லபடியாக முடிந்தது, கம்பைல் பண்ணும் மேக் முடிந்தது, இன்ஸ்டாலும் ஆனது. ஆனால் ஸ்கிரைபஸ் "ஹார்ஃப்பஸ்-ஐசியு இல்லை" என்று அடம்பிடித்தது. காரணம், ஐசியுவின் டெவ் பேக்கேஜ் கணினியில் இல்லாவிட்டால் ஹார்ஃப்பஸ் பிழை எதுவும் காட்டாது. அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்து கொடுத்துவிடும். கான்ஃபிகர் முடிவில் வரும் சுருக்கப் பட்டியலில் ஐசியுவுக்கு நேரே 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். அந்தப் பட்டியலைப் படிக்காமல் யாரும் மேக் அடிக்காதீர்கள். ஐசியு சும்மா ஒப்புக்கு இருக்கும் லைப்ரரி இல்லை. வரி எங்கே மடங்கலாம், கர்சர் 'சொ'வை ஒரே எழுத்தாகத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் அதனிடமிருந்துதான் ஸ்கிரைபஸுக்குத் தெரிகிறது.

புது ஹார்ஃப்பஸைக் கணினியின் பழையதன் மேல் போட வேண்டாம். டெஸ்க்டாப்பே அதை நம்பித்தான் ஓடுகிறது. ஹோம் ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டர் வைத்து, பிரிஃபிக்ஸை (இன்ஸ்டால் ஆகும் இடத்தை) அங்கே காட்டி, லைப்ரரிகளைத் தேடும் பிகேஜி-கான்ஃபிக் பாதையையும் அதற்கு மாற்றிவிட்டால் சிமேக் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கம்பைல் ஆனபிறகு, ஒரு நிரல் எந்த லைப்ரரிகளைப் பிடிக்கிறது என்று காட்டும் 'எல்டிடி' போட்டுப் பார்த்தபோது ஸ்கிரைபஸ் பழைய ஹார்ஃப்பஸையே பிடித்திருந்தது. லைப்ரரி பாதையைச் சொல்லி ஸ்கிரைபஸைத் திறக்கும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி டெஸ்க்டாப்பில் வைத்தேன். மாமா அதைத்தான் இரண்டு முறை கிளிக் பண்ணித் திறப்பார்.

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் அந்தத் தலைப்பு வரியை ஒட்டினோம். கொம்பு ச-வுக்கு முன்னால், கால் பின்னால். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "டேய், இதுக்கு இனிமே கன்வெர்ட்டர் வேண்டாமா?" என்று கேட்டார்.

திருமங்கலத்திலிருந்து:

தம்பி, ஐசியு விஷயத்தை எழுதியதற்கு நன்றி. எங்கள் கல்லூரி லேபில் மாணவர் மலருக்காக ஸ்கிரைபஸ் கம்பைல் பண்ணினோம். எங்களுக்கு வந்த தொல்லை வேறு.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரன்ட் நிறுத்துவார்கள் இல்லையா, அன்றைக்கு யுபிஎஸ் தாங்கவில்லை. பாதிக் கம்பைலில் கணினி அணைந்துவிட்டது. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. மேக் அப்படி இல்லை, முடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று சொல்லி ஓட்டச் சொன்னேன். தொடர்ந்தது. ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும் லிங்க் கட்டத்தில் "ஃபைல் டிரங்கேட்டட்" என்று நின்றது. கரன்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு (ஒரு சோர்ஸ் கோப்பைக் கம்பைல் பண்ணி வரும் துண்டு) பாதியில் அறுந்திருக்கிறது. கோப்பு இருக்கிறது, தேதியும் புதிது, அதனால் அது முடிந்துவிட்டது என்று மேக் எடுத்துக்கொண்டது. பிழையில் காட்டிய அந்த ஒரு கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி மேக் கொடுத்தால் போதும், அதை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளும். முதலிலிருந்து தொடங்கத் தேவையே இல்லை.

நீளமான பத்தி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு யூனிகோட் நூலை எடுத்து ஊற்றினோம். 1998 பொங்கலில் தொடங்கிய திட்டம் அது, இந்த மாதிரி சோதனைக்கு அதைவிட நல்ல உரை எங்கே கிடைக்கும்! பக்கம் பக்கமாகப் பிசகில்லாமல் ஓடியது. அந்தப் பிள்ளைகளில் பலர் அதுவரை ஒரு நிரலைப் பயன்படுத்தியிருக்கிறார்களே தவிர, அது எதனால் ஆனது என்று உள்ளே பார்த்ததில்லை. பாடப் புத்தகத்தில் லிங்கர் என்று ஒரு பத்தி இருக்கும். அன்றைக்கு அவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

மேலூரிலிருந்து:

அண்ணே, அக்கா, எனக்கு இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. லேப்டாப்பில் 4 ஜிபி ரேம். ஒரே நேரத்தில் எட்டு கம்பைல் ஓடட்டும் என்று மேக் ஜே8 கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மவுஸ்கூட நகரவில்லை, அப்புறம் கம்பைலரான சிசி1பிளஸ் 'கில்டு' என்று வந்தது. கோடில் தப்போ? இரண்டாவது, போன முறை நன்றாக ஓடிய ஸ்கிரைபஸ், சிஸ்டம் அப்டேட் பண்ணியதும் "லிப்பாப்ளர் கிடைக்கவில்லை" என்று திறக்கவே மறுக்கிறது. பிடிஎஃப் படிக்கும் லைப்ரரியான பாப்ளர் இருக்கிறதே அண்ணே!

தெற்குவாசலிலிருந்து:

தம்பி, முதலாவது கோடில் தப்பு இல்லை, ரேம் தீர்ந்துபோனது. ஒவ்வொரு கம்பைலும் தனித்தனியாக நினைவகம் எடுக்கும், எட்டு ஒரே நேரத்தில் ஓடினால் 4 ஜிபி தாங்காது. கர்னலே ஒன்றைக் கொன்றுவிடும். ஜே2 கொடுங்கள், அதற்கும் திணறினால் ஜே1. மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

பாப்ளர் இருக்கிறது, ஆனால் நம்பர் மாறிவிட்டது. பிடிஎஃப்பை இறக்குமதி செய்ய ஸ்கிரைபஸ் பாப்ளரின் உள் பகுதியை நேராகத் தொடுகிறது. அந்த உள் பகுதி மாறாது என்று பாப்ளர்காரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. உபுண்டு, டெபியனில் அதன் ஹெட்டர்களை 'லிப்பாப்ளர்-பிரைவேட்-டெவ்' என்று தனியாக வைத்திருப்பதே அதனால்தான். புதுப் பாப்ளர் வரும்போது லைப்ரரியின் நம்பரும் பெரும்பாலும் ஏறும், பழைய நம்பரைத் தேடும் உங்கள் ஸ்கிரைபஸ் திறக்காது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுச் சிமேக்கிலிருந்து மறுபடி செய்யுங்கள். பாப்ளர் பக்கத்துக் கோப்பிலேயே கம்பைல் பிழை வந்தால் கோடை நீங்கள் திருத்த உட்கார வேண்டாம், ஸ்கிரைபஸ்காரர்கள் அதைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள். புதிய சோர்ஸை இறக்கிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாகவே வந்துவிட்டது, அந்த வரிசையில் கடைசியாக வந்ததை எடுங்கள்.

மறுபடியும் நின்றால் பிழையின் கடைசி வரியை மட்டும் அனுப்பாதீர்கள் தம்பி. மேலே போய், முதன்முதலில் 'எரர்' என்று வந்த இடத்திலிருந்து பத்து வரி எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.