மின்னஞ்சல் எழுதும் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க மின்னஞ்சல் எழுத வேண்டும். வாசிப்பதில் சிரமம் இல்லை. தொலைபேசியிலும் சமாளித்துவிடுகிறேன். எழுத உட்கார்ந்தால்தான் கை தயங்குகிறது.

முதல் தலைவலி, ‘ஏ’, ‘தி’ இரண்டும். தமிழில் இவற்றுக்கு நேரான தனிச்சொற்கள் இல்லாததால் காது உதவுவதில்லை. அடுத்தது காலம். ‘நேற்றே சாம்பிள் அனுப்பியிருக்கிறேன்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள் எஸ்டர்டே’ என்று எழுதினால் தவறு. ‘எஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஐ சென்ட்’ போதும். விதி தெரிகிறது, அவசரத்தில் கை பழைய வழக்கத்துக்கே போகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அபவுட்’ ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான்.

பிபிசியின் ‘லேர்னிங் இங்கிலீஷ்’ இணையதளத்தைப் பார்க்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் எழுதியதைத் திருத்த அங்கே ஆள் இல்லையே! திருத்தும் செயலிகள் பிழையை மாற்றிவிடுகின்றன. மாற்றியதைப் பார்த்து ‘சரி’ என்று தட்டிவிட்டுப் போகிறேன், மனதில் எதுவும் தங்குவதில்லை. ‘முப்பதே நாளில் ஆங்கிலம்’ வகையறாவில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுத்தைத் திருத்திக்கொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். தினமும் என்ன எழுதிப் பழகினீர்கள்? யாரிடம் காட்டினீர்கள்? பயிற்சி விடைகளோடு உள்ள நல்ல இலக்கணப் புத்தகம் இருந்தால் பெயர் சொல்லுங்கள். மாலை ஏழு மணிக்குமேல் நடக்கும் இணைய வகுப்பு என்றாலும் சரி, கட்டணத்தையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.